ஒன்பதாவது குழாய்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கே முபங்கா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தாலும் வானம் வெளுக்கவில்லை. விளையாட்டு மைதானம் குளமாகிக் கிடந்தது. அதற்கு அப்பால், லுசெங்கா குடியிருப்பின் தகரக் கூரைகளுக்கு மேலே, சாம்பல் மேடு நீளமாகப் படுத்திருந்தது.

ஐம்பது வருஷமாகத் தாமிரச் சுரங்கம் துப்பிய கழிவுச் சேறு அது. சுற்றிலும் கரை எழுப்பி உள்ளே தேக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் அதை மலை என்றே நினைத்து வளர்கின்றன.

முபங்காவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. போன வாரம் சுரங்கத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி மலாமா என்ற பெண்மணி அவள் வீட்டுக்கே வந்து, கையில் கேக்கோடு, "பெற்றோர் நாளுக்கு நானே வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணவன் கபாசோ சரியாகச் சாப்பிடவில்லை. கேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால் பல்வலி என்றான். பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் பல்வலிக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

பெற்றோர் நாள் இன்றைக்குத்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏழாம் வகுப்பு தயாரித்த படக்கதையைத் திரையில் காட்டப் போகிறார்கள்.

ஒரே கதையை வைத்து எல்லாப் பாடமும் நடத்திவிடலாம் என்பது முபங்காவின் யோசனை. சுரங்கம் கொடுத்த பன்னிரண்டு டேப்லெட்டுகளை வகுப்பில் பரப்பிவிட்டு, "நம்ம ஊரைப் பத்தி ஒரு கதை சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள். பிள்ளைகள் மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சமூகப் பாடக் குழு, மேடு வருவதற்கு முன்னால் அங்கே யார் யாருடைய மரவள்ளித் தோட்டம் இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் படம் வரைந்தது. மொழிக் குழு, மேட்டுக்கு அடியில் புதைந்துபோன கமுச்சா ஓடையில் வாழ்ந்த நீர்ப்பாம்பின் கதையைத் தேடிப் பிடித்தது. அறிவியல் குழு, கரையடியில் கசியும் தண்ணீரை ஜாம் பாட்டிலில் பிடித்து வந்து துணியில் வடிகட்டியது. கணக்குக் குழுவின் தலைவி பூபே, கரையடி வேலிக் கம்பம் வாரா வாரம் எவ்வளவு சாய்கிறது என்று கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தாள்.

இத்தனையையும் படமும் குரலுமாகக் கோத்து, கதையாகச் சொன்னவள் சான்சா. முபங்காவின் மகள். வயது பன்னிரண்டு.

முபங்கா வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு படக்கதையை ஒரு முறை முழுதாக ஓடவிட்டாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. எட்டாவது நிமிஷத்தில், நேற்று மாலை வரை இல்லாத ஒரு புதுப் பக்கம் வந்தது.

"கரைக்குள்ள பன்னிரண்டு குழாய் இறக்கியிருக்காங்க" என்றது சான்சாவின் குரல். "குழாய்க்குள்ள நாடாவை விட்டா, தண்ணி எவ்வளவு கீழே நிக்குதுன்னு தெரியும். கீழே நின்னா நல்லது. மேலே ஏறி வந்தா, கரை உள்ளுக்குள்ள ஊறுதுன்னு அர்த்தம்."

திரையில் சுரங்க அலுவலகத்தின் பலகை. வகுப்பு அங்கே சுற்றிப் பார்க்கப் போனபோது எடுத்த படம். ஒன்பதாவது குழாய், பதிமூன்று மீட்டர் என்று வெள்ளை எழுத்தில் இருந்தது.

"ஆனா இன்னொரு கணக்கும் இருக்கு."

அடுத்த படம், கட்டம் போட்ட நோட்டின் ஒரு பக்கம். பென்சில் எழுத்து. அதே ஒன்பதாவது குழாய். ஐந்து திங்கட்கிழமைகள். ஒன்பது மீட்டர், எட்டு, ஆறு புள்ளி எட்டு, ஐந்து புள்ளி இரண்டு, மூன்று.

முபங்கா படத்தை நிறுத்திவிட்டுக் கிட்டே போனாள். பிப்ரவரி பதினேழு என்ற தேதியில், ஏழின் நடுவே ஒரு சின்னக் கோடு. அப்படி ஏழு போடுகிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். ஒன்பது வருஷமாகத் திங்கள்தோறும் அந்தக் குழாய்களை அளந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன். அவளுடைய கணவன் கபாசோ.

மணி அடித்ததும் சான்சாவை வெளியே அழைத்தாள்.

"இது எங்கேருந்து கிடைச்சுது?"

சான்சாவின் முகம் மலர்ந்தது. பாராட்டுக்குக் காத்திருந்த முகம். "அப்பா பையில, சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் கீழே இருந்துச்சு டீச்சர். கம்பம் சாயறதை மட்டும் வெச்சு கிராப் போட்டா, ஏன் சாயுதுன்னு காட்ட முடியலைன்னு பூபே சொன்னா. இதைச் சேர்த்ததும் கதை முழுசாயிடுச்சு."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டா தருவாரா?" பிறகு குரல் இறங்கியது. "நீங்கதானே சொன்னீங்க, கதையில பாம்பு பொய்யா இருக்கலாம், நம்பர் பொய்யா இருக்கக் கூடாதுன்னு."

சொன்னது உண்மைதான். கரும்பலகையில் எழுதியும் போட்டிருந்தாள். "உள்ளே போ" என்றாள்.

சான்சா இரண்டடி போய்த் திரும்பினாள். "டீச்சர், பலகையில ஏன் பதிமூணுன்னு போட்டிருக்கு?"

"உள்ளே போன்னு சொன்னேனா இல்லையா?"

தலைமையாசிரியர் சிமுகொண்டா வராந்தாவில் வேகமாக வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஓய்வுக்கு எட்டு மாசம் இருந்தது. அந்த எட்டு மாசமும் எவர் வாயிலும் விழாமல் போய்விட வேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை.

"டீச்சர், மலாமா மேடம் போன் பண்ணாங்க. படத்தை முன்கூட்டியே பாக்கணுமாம். பன்னிரண்டு மணிக்கு வர்றாங்க. ஒண்ணும் வில்லங்கம் இல்லையே?"

"என்ன வில்லங்கம் சார் இருக்கும்? பிள்ளைங்க கதைதானே."

"அதான் நானும் சொன்னேன்" என்றார் அவர். நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். வெயில் இல்லை.

முபங்கா கணவனுக்குப் போன் செய்தாள். "இடைவேளைக்கு வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

ஒன்பதரைக்கு சைக்கிளில் வந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் நின்றார்கள். அவள் டேப்லெட்டை நீட்டினாள். அவன் தன் கையெழுத்தைத் தானே பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தொட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"யாரெல்லாம் பார்த்தாங்க?"

"நான். சான்சா. பூபே பார்த்திருக்கலாம்."

"அழிச்சிடு, சான்சா அம்மா."

"அழிக்கிறேன். அதுக்கு முன்னாடி சொல்லுங்க. எதுக்கு ரெண்டு நோட்டு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒண்ணு அவங்களுக்கு. ஒண்ணு எனக்கு. என்ஜினீயர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். 'பலகையில பதிமூணே இருக்கட்டும் கபாசோ, தண்ணி இறைக்கிற பம்பு வந்ததும் சரியாயிடும்'னார். ஒரு வாரம்தானேன்னு நெனச்சேன். அது ரெண்டாச்சு, நாலாச்சு. கையெழுத்து என்னோடது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மாட்டப் போறது என் கழுத்து. அதான் நிஜக் கணக்கைத் தனியா எழுதி வெச்சேன்."

"பம்பு எப்போ வருது?"

"திங்கக்கிழமைன்னு சொல்றாங்க."

"நோட்டுல கடைசியா மூணு மீட்டர். அது போன திங்கள். இன்னைக்கு எவ்வளவு?"

"தெரியாது."

"தெரியாதா? உங்க வேலையே அதானே!"

"செவ்வாய்க்கிழமையே நாடாவைப் பிடுங்கிட்டாங்க. வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டி எண்ணச் சொல்லியிருக்காங்க. நாலு நாளா கரைப் பக்கம் நான் காலே வைக்கல."

நாலு நாளும் நாலு இரவும் மழை. முபங்கா அண்ணாந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரிலிருந்து கரையின் அடி அறுநூறு அடிதான் இருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? உன்னைத் தெரியாதா எனக்கு?"

"சும்மா இருக்க மாட்டேன்தான். நாம படுக்கிற வீடும் நம்ம பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமும் அதுக்குக் கீழேதானேங்க இருக்கு."

அவன் மேட்டைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"இப்படிச் செய்யலாம்" என்றாள் முபங்கா. "அந்தப் பக்கத்தை நான் வெட்டி எடுத்துடறேன். உங்க பேருக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனா நீங்க இப்போ நேரே மேலே போய் அந்தக் குழாயைப் பார்க்கணும். மூணுக்கு மேலே ஏறியிருந்தா, நீங்களே வந்து ஊர்க்காரங்ககிட்டச் சொல்லணும். உங்க வாயால."

"வாசலை விட்டுப் போனா வேலை போயிடும்."

"போகட்டும். என் சம்பளத்துல மூணு பேரும் கூழ் குடிக்கலாம்."

அவன் சைக்கிளைத் திருப்பினான். பத்தடி போய் நின்று, "சான்சாவைத் திட்டாதே" என்றான். பிறகு மேட்டுப் பாதையில் ஏறிப் போனான்.

வெட்டி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விரலால் தொட்டு இழுத்தாள், பக்கம் போய்விட்டது. சாய்ந்த கம்பத்தின் படத்துக்கு அப்புறம் நேராகக் கடைசிப் படமான மாலைச் சூரியன் வந்தது. மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் நினைத்தாள். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெள்ளை வண்டியில் மலாமா வந்தார். பச்சைப் பட்டுச் சட்டை, மென்மையான குரல். சேற்றில் செருப்பு அழுக்காகிவிட்டதற்கு அவரே சிரித்துக்கொண்டார். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து படக்கதையை முழுதும் பார்த்தார். பாம்புக் கதைக்குச் சிரித்தார். கம்பம் சாயும் இடத்தில் தலையாட்டினார்.

"அருமை. கதை சொல்ற குழந்தைக்கு என்ன குரல்! ரேடியோவுக்கே போகலாம். கபாசோ மகள்தானே?"

"ஆமாம் மேடம்."

"சார், எனக்குக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

சிமுகொண்டா எழுந்து ஓடினார். கதவு சாத்தியதும் மலாமா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் துடைத்தார்.

"இந்தச் சாமான்ல நீங்க எது செஞ்சாலும் ஒரு பிரதி எங்க ஆபீசுக்கும் வந்துடும் டீச்சர். தொலைஞ்சு போனா உதவுமேன்னு ஒரு ஏற்பாடு. நேத்து ராத்திரி எட்டாவது நிமிஷத்துல ஒரு பக்கம் இருந்துச்சு. இப்போ இல்லை."

முபங்கா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"நீங்களே எடுத்துட்டீங்க. புத்திசாலித்தனம். அதைப் பாக்கத்தான் நான் வந்தேன்." மலாமா சிரித்தார். "அந்த நோட்டு சாயங்காலத்துக்குள்ள என் மேஜைக்கு வந்துட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம். பொய்க் கணக்குல கையெழுத்துப் போட்ட ஆளுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"பொய்யா எழுதச் சொன்னவங்களுக்கு?"

"சொன்னதுக்கு எழுத்து ஏது டீச்சர்?"

தண்ணீர் வந்தது. மலாமா ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "ஆமா, உங்க வீட்டுக்காரர் வாசல்ல இல்லையாமே? எங்கே போயிருக்கார்?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்" என்றாள் முபங்கா. தன் குரலே தனக்கு யாருடையதோபோல ஒலித்தது.

இரண்டு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. சிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றி, முதுகில் கைக்குழந்தை கட்டிய தாய்மார்கள். ஷிப்ட் இல்லாத அப்பாக்கள். பின்வரிசையில் இடமில்லாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பவர்கள். கூரையில் மீண்டும் மழை விழத் தொடங்கியது.

முபங்கா மூன்று முறை போன் செய்தாள். கபாசோவின் போன் அணைந்திருந்தது.

படக்கதை ஓடியது. கமுச்சா ஓடைப் பாம்பு, தன் வீட்டின் மேல் சேற்றைக் கொட்டியவர்களைப் பார்த்து, "கொட்டுங்க கொட்டுங்க, ஒரு நாள் நான் புரண்டு படுப்பேன்" என்று சொல்லும் இடத்தில் கூடமே சிரித்தது. தங்கள் பழைய தோட்டங்களின் பெயர்களைக் கேட்டுச் சிலர் உச்சுக் கொட்டினார்கள். கம்பம் வாரா வாரம் சாயும் படங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் மாலைச் சூரியன்.

திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றிருந்த சான்சா, சூரியனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒரு பக்கம் காணோம்."

முதல் வரிசையில் மலாமா கைதட்டிக்கொண்டே எழுந்தார். "ரொம்ப அழகு! எல்லாரும் பலமாக் கைதட்டுங்க!"

கைதட்டல் எழுந்தது. சான்சா அசையவில்லை. "நீங்களா எடுத்தீங்க?" என்றாள். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. "அம்மா, நீங்களா?"

பள்ளிக்கூடத்துக்குள் அவளை அம்மா என்று அந்தப் பெண் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

சான்சா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கதை இன்னும் முடியல. ஒன்பதாவது குழாய்ல தண்ணி ஒன்பது மீட்டர் கீழே இருந்துச்சு. அடுத்த வாரம் எட்டு. அப்புறம் ஆறு புள்ளி எட்டு. அப்புறம் அஞ்சு புள்ளி ரெண்டு. போன திங்கக்கிழமை மூணு. பலகையில மட்டும் எப்பவும் பதிமூணு."

"சான்சா, உட்காரு!" என்றார் தலைமையாசிரியர்.

கைதட்டல் அறுந்துபோயிற்று. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மலாமா திரும்பி முபங்காவைப் பார்த்தார். புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் எச்சரித்தன.

கபாசோவின் கழுத்து. அவன் போட்ட கையெழுத்து. அவள் கொடுத்த வாக்கு. எதிரே இருநூறு பேர். அத்தனை பேருக்கும் வீடு மேட்டுக்குக் கீழே.

அவள் மேடையேறினாள். சாக்குக் கட்டியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"வாயால சொன்னா போதாது. கரும்பலகையில போடு. எல்லாரும் பாக்கட்டும்."

சான்சா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்து புள்ளிகளைப் போட்டாள். அவற்றைக் கோட்டால் சேர்த்தாள். மேலே, குழாயின் வாய் இருக்கும் இடத்தில், நீளமாக ஒரு கோடு.

"இது குழந்தைங்க விளையாட்டு" என்றார் மலாமா. "இந்தக் கணக்கெல்லாம் தப்பு."

"குழந்தைங்க கணக்கு தப்புன்னா பெரியவங்க கணக்கைச் சொல்லுங்க மேடம்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். கூட்டம் முணுமுணுத்தது.

ஒரு சுரங்கத் தொழிலாளி எழுந்து நின்றார். "பாப்பா, அந்தக் கோடு எப்போ மேலே போய் இடிக்கும்?"

சான்சா பூபேயைப் பார்த்தாள். பூபே அளவுகோலோடு ஓடி வந்தாள். கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள்.

"நேர்க்கோடா போனா இன்னும் ரெண்டு வாரத்துக்குக் கிட்ட ஆகும். ஆனா இது நேராப் போகல டீச்சர். வளையுது. முதல் வாரம் ஒண்ணு ஏறுச்சு, அப்புறம் ஒண்ணேகால், அப்புறம் ஒண்ணரைக்கு மேலே, அப்புறம் ரெண்டு புள்ளி ரெண்டு. அடுத்தது மூணு." அவள் சாக்குக் கட்டியால் வளைவை நீட்டினாள். அது மேல்கோட்டைத் தொட்டது. "வர்ற திங்கக்கிழமை."

ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

கூடத்தின் பின்கதவு திறந்தது.

கபாசோ நின்றிருந்தான். தொடைவரை சாம்பல் சேறு. தலைக்கவசம் இல்லை. சட்டை தோளில் கிழிந்திருந்தது. யாரோ பிடித்து இழுத்ததை உதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான் என்று தெரிந்தது. பலகையில் இருந்த கோட்டை, தன் மகள் போட்ட கோட்டை, மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தான்.

"திங்கக்கிழமை இல்ல" என்றான்.

கூட்டம் விலகி வழிவிட்டது.

"நான்தான் கபாசோ. பதிமூணுன்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ அப்புறம் கொடுங்க." அவன் கரைப் பக்கம் கை காட்டினான். "மேலே போய்ப் பார்த்துட்டு வர்றேன். காவல்காரங்க கண்ணுல படாம ஏறவே மதியம் ஆயிடுச்சு, இறங்கும்போது பிடிச்சு வெச்சுட்டாங்க. அளக்க நாடா தேவைப்படல. குழாய் வாய் வழியாத் தண்ணி வழியுது. கரையில கை நுழையிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கு. ரயில் பாதை மேட்டுக்குப் போயிடுங்க. இப்பவே. எதையும் எடுக்க வீட்டுக்குப் போகாதீங்க."

மலாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "திங்கள் வரைக்கும் தாங்கும்னு என்கிட்ட சொன்னாங்களே" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த கணம் நாற்காலிகள் சரிந்தன. அழுகை, கூச்சல், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். முபங்கா மைக்கைப் பிடித்தாள். கூடத்தில் இருநூறு பேர், வகுப்புகளில் இன்னும் முந்நூறு பிள்ளைகள்.

"ஏழாம் வகுப்பு! சின்னப் பிள்ளைங்களை ஆளுக்கு ரெண்டு பேராப் பிடிங்க! ஓடாதீங்க, வேகமா நடங்க!"

எட்டு மாசம் பத்திரமாகக் கழியட்டும் என்றிருந்த சிமுகொண்டா, முதல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார். பள்ளி மணியை யாரோ நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் பாதை மேடு அரை மைல். ஏறி முடித்தபோது முபங்காவின் செருப்பு எங்கேயோ போயிருந்தது. கபாசோ கடைசியாக, நடக்க முடியாத ஒருவரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினான். அவனும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 

"எண்ணிடு" என்றான் அவன்.

ஏழாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். முபங்கா தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்று.

"யாரு இல்லை? யாருடா இல்லை?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்த சின்னப் பெண் ஒருத்தி விசும்பிக்கொண்டே சொன்னாள்.

"பூபேயோட அப்பா ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டு வீட்டுல தூங்குறாராம் டீச்சர். கதவைத் தாப்பாள் போட்டுக்கிட்டு, மணி அடிச்சாக்கூட எழுந்திருக்க மாட்டாராம். எழுப்பி விட்டுட்டு வந்துடறேன்னு ஓடுனா. தனியாப் போகாதேன்னு சொல்லிட்டு சான்சாவும் கூடவே ஓடிட்டா."

பூபேயின் வீடு கமுச்சாத் தெருவில். கரைக்கு அடுத்த முதல் வரிசை.

கபாசோ சைக்கிளைக் கீழே போட்டான். மேலே ஏறி வருகிற கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு, எல்லாரும் வருகிற திசைக்கு எதிராக, கீழே ஓடினான். முபங்காவும் ஓடத்தான் பார்த்தாள். அவளுடைய ஒரு கையை ஒரு பிள்ளை பிடித்திருந்தது. மறுகையை இன்னொன்று. பாவாடையை மூன்றாவது. யாரும் விடவில்லை.

"சான்சா!" என்று கத்தினாள். மழை அதை விழுங்கிற்று.

அப்போது சாம்பல் மேட்டின் பக்கமிருந்து, பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கி முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் லாரி போகும் பாதை கிடையாது.